‘சோல் டாக்டர்’: கித்தார் எடுத்த ரபியின் கதை மேடையேறியபோது (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயின் இசை நாடகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் ‘சோல் டாக்டர்’ பெயரை இழுத்துவிடுவேன். உடனே கேள்விகள் வரும். யார் கேட்டாலும் ஏறக்குறைய அதே கேள்விகள். யூத மதப் பழக்கங்கள் நம்மில் பலருக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். நாடகம் ஓடிய காலம் ரொம்பக் குறைவு என்பது இன்னொன்று. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். மேலே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. சோல் டாக்டர்னா டாக்டர் கதையா? என்ன நாடகம் இது?

டாக்டர் யாரும் இதில் கிடையாது. ஷ்லோமோ கார்லபாக் என்ற யூத ரபியின் வாழ்க்கையைப் பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லும் மேடை இசை நாடகம் இது. நியூ ஆர்லியன்ஸ், ஃப்ளோரிடா என்று சில இடங்களில் நடந்து, 2012-ல் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பில் சிறிய அளவில் மேடையேறி, 2013 ஆகஸ்ட் 15 அன்று பிராட்வேயில் முறைப்படி தொடங்கியது.

கதை வசனமும் இயக்கமும் டேனியல் வைஸ். ஆங்கிலப் பாடல் வரிகள் டேவிட் ஷெக்டர். மெட்டுகள் கார்லபாக்குடையவை. ஷ்லோமோவாக எரிக் ஆண்டர்சனும், அமெரிக்கக் கருப்பினப் பாடகி நினா சிமோனாக ஆம்பர் இமானும் நடித்தார்கள். இமானுக்கு அதுதான் முதல் பிராட்வே நாடகம். பின்னாளில், 2024-ல், ‘லெம்பிக்கா’ என்ற இசை நாடகத்தில் நடித்து, பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் அவர்.

2. கார்லபாக்னு பேரே கேள்விப்பட்டதில்லையே. அவ்வளவு பெரிய ஆளா?

யூதர்கள் நடுவில் ரொம்பப் பெரிய ஆள். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூத வழிபாட்டு இசையை அவர் அளவுக்கு மாற்றியவர் வேறு யாரும் இல்லை என்பது என் கணிப்பு. வெள்ளிக்கிழமை மாலை ஏதாவது ஓர் ஊரில் யூதர்களின் ஜெப ஆலயத்துக்குள் போனால் அவருடைய மெட்டு காதில் விழ நல்ல வாய்ப்பு உண்டு. பாடிக்கொண்டிருப்பவர்களிலேயே பலருக்கு அது யாருடையது என்று தெரியாது. பழங்காலத்து மெட்டு என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

1925-ல் பெர்லினில் பிறந்தார். இரட்டையர், சகோதரர் பெயர் எலி ஹைம். தலைமுறை தலைமுறையாக ரபிகள் வந்த குடும்பம். அப்பா நஃப்தாலி கார்லபாக், வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பாடன் என்ற ஊரில் ரபியாக இருந்தார். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் குடும்பம் கிளம்பிவிட்டது. 1939-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். சித்தப்பா பெரியப்பாக்கள் எல்லோரும் தப்பவில்லை. ஹாம்பர்க் நகரின் தலைமை ரபியாக இருந்த யோசப் கார்லபாக், ஷ்லோமோவின் அப்பாவுடன் பிறந்தவர். 1942-ல் ரீகா அருகே கொல்லப்பட்டார். ஷ்லோமோ 1994 அக்டோபரில் நியூயார்க்கில், விமானத்தில் உட்கார்ந்திருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். எருசலேமில் அடக்கம்.

3. ரபின்னா நம்ம கோயில் குருக்கள் மாதிரியா?

இல்லை. ரபி என்பவர் முதலில் படிப்பாளி. தோராவும் (யூத வேதம்) தல்மூதும் (மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பு) வருடக்கணக்கில் படித்து, மதச் சட்டத்தில் தீர்ப்பு சொல்லும் தகுதி பெற்றவர். பூசை செய்து வைப்பது அவருடைய வேலை என்று வைக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் ரபி இல்லாமலேயே வழிபாடு நடக்கும்.

ஷ்லோமோ இதில் சாதாரண மாணவரும் இல்லை. நியூ ஜெர்சியில் லேக்வுட் என்ற ஊரில் ரபி ஆரோன் கோட்லர் நடத்திய யெஷிவாவில், அதாவது தல்மூது படிக்கும் பள்ளியில், படித்தார். அமெரிக்காவில் அதைவிடக் கடுமையான படிப்பு அப்போது இல்லை என்றே சொல்லலாம். பெரிய தல்மூது அறிஞராக வருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த பையன் அவர். அப்படிப்பட்டவர் கித்தாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறியதுதான் நாடகத்தின் மோதல். படிப்பு வராதவன் பாட்டுக்குப் போயிருந்தால் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள்.

4. சரி, கித்தார் வாசிச்சா என்ன தப்பு? கடவுள் பாட்டுதானே பாடினார்?

கித்தாரை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. சப்பாத் நாளில், அதாவது வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை, வைதீக யூதர்கள் வாத்தியம் தொடமாட்டார்கள். மற்ற நாட்களில் தடை இல்லை. சிக்கல் யாருக்கு முன்னால் பாடினார் என்பதில் வந்தது. வைதீகக் கூட்டங்களில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக உட்காருவார்கள், நடுவில் ஒரு தடுப்பு இருக்கும். பெண் பாடி ஆண் கேட்கக் கூடாது என்று தல்மூதை வைத்து வந்த ஒரு விதியும் உண்டு. மனைவி, தாய், மகள் போன்ற நெருங்கிய உறவு தவிர வேறு பெண்ணைத் தொடவும் கூடாது, கைகுலுக்கினாலும் தப்புதான்.

கார்லபாக் கூட்டங்களில் எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள், பெண்களும் பாடினார்கள், ஆடினார்கள். அவரோ வந்தவர் எல்லோரையும் கட்டிப்பிடித்து ‘புனிதச் சகோதரரே, புனிதச் சகோதரியே’ என்று கூப்பிட்டார். லேக்வுட் ஆசிரியர்கள் இதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. நாடகம் இந்த இடத்தில் அவர் பக்கம் நின்றுகொள்கிறது. விதி வறட்டுத்தனம், அணைப்பு அன்பு. அந்தச் சமன்பாடு அவ்வளவு எளிதானதா என்ற கேள்வியை 11-ஆம் பதிலில் பார்க்கலாம்.

5. கதை எங்கே ஆரம்பிச்சு எங்கே போகுது?

வியன்னாவில் சிறுவயது, நாஜிகள் வருகை, அமெரிக்கா, யெஷிவா படிப்பு. அப்புறம் ஹசீதியர்கள் என்ற, பாட்டுக்கும் பக்திப் பரவசத்துக்கும் இடம் தரும் யூதப் பிரிவினரின் உலகத்தோடு தொடர்பு. 1940-களின் கடைசியில் லுபாவிச் என்ற ஹசீதிய இயக்கத்தின் அன்றைய தலைவர் அவரையும் ஸல்மான் ஷாக்டர் என்ற இன்னொரு இளைஞரையும் கல்லூரி வளாகங்களுக்கு அனுப்பினார். மதத்தை விட்டு விலகிப்போகும் மாணவர்களை இழுத்து வரவேண்டும் என்பது திட்டம். இழுக்கப் போனவருக்கு அந்த மாணவர்களின் உலகம் பிடித்துப்போனது. நினா சிமோனைச் சந்திப்பது, நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியின் நாட்டுப்புறப் பாட்டுக்காரர்கள், முதல் இசைத்தட்டு, சான் பிரான்சிஸ்கோ ஹிப்பிகள் என்று கதை ஓடுகிறது.

அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் இழுபறி ஓடிக்கொண்டே இருக்கும். நஃப்தாலி மன்ஹாட்டனில் மேற்கு 79-ஆம் தெருவில் ஒரு சிறிய ஜெப ஆலயத்தை நடத்தினார். 1967-ல் அவர் இறந்ததும் பொறுப்பு மகன்களிடம் வந்தது. ஊர் ஊராகச் சுற்றினாலும் ஷ்லோமோ அந்த ஆலயத்தை விடவில்லை. இன்றும் அதைக் கார்லபாக் ஆலயம் என்றுதான் சொல்கிறார்கள்.

6. நினா சிமோன் எப்படி இதுக்குள்ள வந்தாங்க? நிஜமாவே காதலா?

அவர்கள் பழகினார்கள் என்பது கார்லபாக் குடும்பத்தாரும் நாடகக் குழுவும் சொல்வது. மேடையில் அந்தப் பழக்கத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் காட்சிகளும் வசனங்களும் எழுத்தாளரின் கைவண்ணம். காதலா நட்பா என்று முடிவாகச் சொல்லாமல் நாடகம் வேண்டுமென்றே நழுவுகிறது. வரலாறாக எடுத்துக்கொள்ளாமல் பார்த்தால் நாடகத்தின் மிக நல்ல பகுதி இதுதான்.

அது ஏன் பொருந்துகிறது என்பதற்கு நினாவின் சொந்தக் கதையைப் பார்க்க வேண்டும். 1933-ல் வட கரோலினாவில் யூனிஸ் வேமன் என்ற பெயரில் பிறந்தவர். அம்மா மெத்தடிஸ்ட் சபைப் போதகர். மகள் சிறு வயதிலேயே சபையில் பியானோ வாசித்தாள். மேல்நாட்டுச் செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்பது ஆசை. பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைப் பள்ளி இடம் தரவில்லை. தோல் நிறம்தான் காரணம் என்று கடைசி வரை நம்பினார். 1954-ல் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போனார். வாசித்தால் மட்டும் போதாது, பாடவும் வேண்டும் என்று முதலாளி சொல்ல, அப்படித்தான் பாடகி ஆனார். மதுக்கூடத்தில் வாசிப்பது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று வைத்துக்கொண்ட பெயர்தான் நினா சிமோன்.

ஒரு பக்கம் வீட்டுக்கும் மதத்துக்கும் தெரியாமல் பெயரை மாற்றிக்கொண்டு பாடும் போதகர் மகள். இன்னொரு பக்கம் தாடியும் தொப்பியுமாக மதுக்கூட வாசலில் தயங்கி நிற்கும் ரபி மகன். இந்த இருவரையும் ஒரே மேடையில் நிறுத்தினால் பாதி நாடகம் தானாக நடந்துவிடும். கருப்பினச் சபைகளின் கோஸ்பல் பாட்டும் ஹசீதிய மெட்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இசையமைப்பாளர்களுக்கும் வழி கிடைத்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: நினா 1963-ல் கார்னகி ஹாலில் ‘எரெட்ஸ் ஸவத் ஹலவ்’ என்ற எபிரேயப் பாட்டைப் பாடிய பதிவு இருக்கிறது. அது கார்லபாக்கின் பாட்டு இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டுலகம் அவருக்கு அந்நியமாக இருக்கவில்லை என்பதற்கு அது சாட்சி.

7. ‘லாய் லாய் லாய்’னு திரும்பத் திரும்பப் பாடறதுல அப்படி என்ன பெரிய இசை?

இந்தக் கேள்வியைக் கிண்டலாகத்தான் கேட்பார்கள். ஆனால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஹசீதியர்களிடம் ‘நிகுன்’ என்று ஒரு வடிவம் உண்டு. சொல் இல்லாத மெட்டு. சொல்லுக்கு எட்டாத இடத்துக்கு மெட்டு போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. கார்லபாக் அந்த வடிவத்தை எடுத்துச் சுருக்கினார். அவருடைய பாட்டில் பெரும்பாலும் இரண்டே பகுதிகள் இருக்கும். முதல் பகுதி தாழ்ந்த ஸ்தாயியில் நாலு வரி. இரண்டாவது பகுதி மேலே ஏறும். பிறகு திரும்ப முதல் பகுதி. கித்தாரில் மூன்று நான்கு கார்டு (chord, சுரக்கூட்டு) போதும்.

இரண்டாவது சுற்றிலேயே கூட்டம் சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். மூன்றாவது சுற்றில் வேகம் கூடும், கைதட்டு வரும், பத்தாவது சுற்றில் நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு வட்டமாக ஆடிக்கொண்டிருப்பார்கள். நம் பஜனைகளில் நாமாவளி வேகம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தனியாக உட்கார்ந்து ஒலிநாடாவில் கேட்டால் சப்பென்று இருக்கும் பாட்டு, கூட்டத்தில் வேறு ஆளாகிவிடுகிறது. வெள்ளி மாலை வழிபாட்டில் வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து 95 முதல் 99 வரையான பாட்டுகளும், பிறகு 29-உம், அப்புறம் ‘லெகா தோதி’ என்ற 16-ஆம் நூற்றாண்டுப் பாட்டும் வரும். பல இடங்களில் முணுமுணுத்து முடித்துவிடும் இந்தப் பகுதி முழுவதையும் அவர் பாடும்படி மெட்டமைத்தார். பல நாடுகளில் ‘கார்லபாக் வழிபாடு’ என்று தனியாகவே அறிவித்து நடத்துகிறார்கள்.

8. அப்ப நாடகத்துக்குன்னு புதுப்பாட்டு எதுவும் இல்லையா? எபிரேயம் தெரியாதவங்களுக்குப் புரியுமா?

மெட்டு பழையது, வரி பெரும்பாலும் புதியது. கார்லபாக் எழுதிய பாட்டுகளின் வரிகள் பெரும்பாலும் வேதத்திலிருந்தோ பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்தோ எடுத்த ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும். யூதக் கல்யாணங்களில் எல்லோரும் பாடும் ‘ஓத் யிஷமா’ எரேமியா 33-ஆம் அதிகாரத்து வரி. ‘அம் யிஸ்ராயேல் ஹாய்’ 1965-ல் சோவியத் யூதர்களின் விடுதலைக்காகப் போராடிய மாணவர்கள் கேட்டதால் பிறந்தது. இப்படி ஒற்றை வரிப் பாட்டை வைத்துக் கதையை நகர்த்த முடியாது. அதனால் ஷெக்டர் பாத்திரங்களின் மனநிலையைச் சொல்லும் ஆங்கில வரிகளை அந்த மெட்டுகளில் உட்கார வைத்தார்.

புரியும். ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 7-ஆம் பதிலில் சொன்னபடி இந்த மெட்டுகள் திரும்பத் திரும்பச் சுற்றுவதற்காகப் பிறந்தவை. நாடகப் பாட்டு ஓரிடத்தில் ஆரம்பித்து வேறிடத்தில் முடிய வேண்டும். பாத்திரம் பாட்டுக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சுற்றுகிற மெட்டில் முடிவு எடுப்பது கஷ்டம். கூட்டப் பாட்டுகளில் அரங்கம் அதிர்வதும் தனிப்பாட்டுகளில் கதை தேங்குவதும் இதனால்தான்.

9. ஹிப்பிங்க எப்படி ரபிகிட்ட வந்து சேர்ந்தாங்க?

1966-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி நாட்டுப்புற இசை விழாவில் பாடப் போனார். அங்கே வீட்டை விட்டு வந்து, கஞ்சாவும் தியானமுமாக எதையோ தேடிக்கொண்டிருந்த இளைஞர்களில் யூதப் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பதைக் கவனித்தார். 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் ‘அன்பும் ஜெபமும் கொண்ட வீடு’ என்று ஒன்று திறந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், சப்பாத் சாப்பாடு உண்டு, விடிய விடியப் பாட்டும் கதையும் உண்டு. 1970-களின் பிற்பகுதியில் அது மூடப்பட்டது. அதற்குள் அவரைப் பின்பற்றியவர்களில் ஒரு பகுதியினர் இஸ்ரேலில் மெவோ மோதியிம் என்ற கிராமத்தை 1976-ல் அமைத்துக் குடியேறிவிட்டார்கள். 2019 மே மாதத் தீயில் அந்தக் கிராமத்தின் பெரும்பாலான வீடுகள் எரிந்துபோயின.

மேடையில் இந்தப் பகுதி வண்ணமும் கூச்சலுமாக இருக்கும். எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. தலையில் பூ, கையில் கஞ்சா என்று ஹிப்பிகளைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டார்கள்.

10. இவ்வளவு நல்லா இருந்தா ஏன் ரெண்டு மாசத்துல மூடிட்டாங்க?

அக்டோபர் 13, 2013-ல் நிறுத்தினார்கள். முன்னோட்டக் காட்சிகள் 32, முறையான காட்சிகள் 66. விமர்சனங்கள் கலவையாக வந்தன: ஆண்டர்சனையும் இமானையும் பாராட்டினார்கள், நாடகக் கதை ஓட்டமாக ஓடுகிறது, ஆளைத் தோண்டிப் பார்க்கவில்லை என்றார்கள்.

எனக்குத் தோன்றும் இன்னொரு காரணம் நாட்காட்டி. இந்த நாடகத்துக்கு வரக்கூடியவர்களில் முக்கியமானவர்கள் மத நம்பிக்கையுள்ள யூதர்கள். வெள்ளி இரவும் சனி மதியமும் பிராட்வேக்கு நல்ல வசூல் நேரம். 4-ஆம் பதிலில் சொன்ன சப்பாத் காரணமாக அப்போது அவர்கள் வரமாட்டார்கள். போதாததற்கு 2013-ல் யூதப் புத்தாண்டு செப்டம்பர் 4 மாலையே தொடங்கிவிட்டது. செப்டம்பர் 14 பாவநிவாரண நாள். 18 மாலை முதல் 27 வரை கூடாரப் பண்டிகையும் அதை ஒட்டிய நாட்களும். நாடகம் தொடங்கி மூன்றாவது வாரத்திலிருந்து அதன் பார்வையாளர்கள் ஜெப ஆலயத்திலோ பண்டிகைச் சாப்பாட்டிலோ இருந்தார்கள்.

அரங்கு மட்டும் சரியான தேர்வு. 50-ஆம் தெருவில் தரைக்குக் கீழே இருக்கும் ‘சர்க்கிள் இன் தி ஸ்கொயர்’. பார்வையாளர்கள் மேடையைச் சுற்றி உட்காருவார்கள். எதிர்வரிசையில் இருப்பவர் கைதட்டுவது நேருக்கு நேர் தெரியும். அதே கட்டடத்தில் மேலே ‘விக்கட்’ (Wicked) என்ற இசை நாடகம் 2003-லிருந்து அரங்கம் நிறைய ஓடிக்கொண்டிருக்கிறது என்பது விதியின் குறும்பு.

11. அவர் மேல பாலியல் புகார் இருக்குன்னு படிச்சேன். நாடகம் அதைப் பத்தி ஏன் பேசல?

இருக்கிறது. அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1998-ல் ‘லிலித்’ என்ற யூதப் பெண்ணியப் பத்திரிகை விரிவான கட்டுரை வெளியிட்டது. அவர் தங்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகப் பல பெண்கள் அதில் சொன்னார்கள். சம்பவம் நடந்தபோது அவர்களில் சிலர் பதின்ம வயதினர். அவர் உயிரோடு இல்லாததால் விசாரணையோ பதிலோ இல்லை. நாடகம் வந்தது 2013-ல். பதினைந்து வருடமாக வெளியில் இருந்த விஷயம், யாருக்கும் தெரியாமல் போக வழியில்லை.

ஏன் பேசவில்லை என்றால், குடும்பத்தின் ஒத்துழைப்போடு, அவர் மெட்டுகளை வைத்து, அவரைக் கொண்டாட எடுத்த நாடகம். மகள் நெஷாமா கார்லபாக்கும் இதில் பங்களித்தார். புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்க முடியவில்லை. தொடக்கூடாது என்ற விதியை உடைத்து எல்லோரையும் அணைத்தார் என்பதையே ஒரு நாடகம் தன் உச்சமாக வைக்கிறது. அந்த அணைப்பை வேண்டாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள் என்று பிறகு தெரிய வருகிறது. அதைத் தொடாமல் விட்டால் அதே காட்சி கண்ணை உறுத்துகிறது. நாடகக் கதை ஆளைத் தோண்டவில்லை என்று விமர்சகர்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு வேர்.

2018 தொடக்கத்தில், மீ டூ இயக்கம் பரவியிருந்த நேரத்தில், நெஷாமாவே ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெண்கள் சொல்வதைத் தான் கேட்பதாகவும், அப்பாவின் மேல் உள்ள அன்பையும் இதையும் சேர்த்தே சுமப்பதாகவும் அதன் சாரம். நாடகத்தில் இல்லாத ஒரு நேர்மை அதில் இருக்கிறது.

12. அப்ப அவர் பாட்டையே பாடக் கூடாதா?

யூதர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. சில ஜெப ஆலயங்கள் அவர் மெட்டுகளைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தன. சில இடங்களில் பாட்டுக்கு முன்னால் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பாடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் எப்போதும் போலத்தான். மெட்டு சமூகத்தின் சொத்தாகிவிட்டது என்கிறார்கள் ஒரு பக்கம். பாதிக்கப்பட்ட பெண் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்கிறார்கள் மறுபக்கம். என்னைக் கேட்டால், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் பாட்டுக்கு மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டாவது தரப்பின் கேள்விக்கு முதல் தரப்பு இன்னும் பதில் சொல்லவில்லை.

13. இது ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ மாதிரியா?

யூதக் குடும்பம், மரபை மீறும் பிள்ளை என்ற அளவில் மட்டும். அந்தப் பழைய பிராட்வே இசை நாடகத்தில் கற்பனைப் பாத்திரம், நாடகத்துக்காகவே எழுதிய இசை. இது வாழ்ந்த மனிதர், ஏற்கெனவே ஊர் பாடும் இசை. அதற்கான சிக்கலை 8-ஆம் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

14. பிராட்வேக்கு அப்புறம் நாடகம் என்னாச்சு?

2014 டிசம்பரில் நியூயார்க்கிலேயே 47-ஆம் தெருவில் ‘ஆக்டர்ஸ் டெம்பிள்’ என்ற இடத்தில் திரும்ப மேடையேறியது. ஷ்லோமோவாக ஜோஷ் யங் நடித்தார். அது உண்மையான ஜெப ஆலயம். ஒரு காலத்தில் மேடைக் கலைஞர்களும் நகைச்சுவை நடிகர்களும் வழிபட வந்ததால் அந்தப் பெயர். வழிபாடு இல்லாத நேரத்தில் அதே கூடம் நாடக அரங்கம். பெரிய மேடையைவிடச் சின்னக் கூடத்தில்தான் இந்தப் பாட்டுகளுக்கு உயிர் அதிகம் என்பதால் இந்த நாடகத்துக்குப் பொருத்தமான வீடு அதுதான் என்பேன். 2015 வரை ஓடியது.

15. நாடகம் பார்க்க வழியில்லைன்னா எதுல ஆரம்பிக்கலாம்?

1959-ல் வந்த முதல் இசைத்தட்டு ‘ஹநெஷாமா லாஹ்’. அதில் குரல் இளமையாக, கொஞ்சம் கூச்சத்தோடு இருக்கும். அதைக் கேட்டுவிட்டு, 1963-ல் வந்த ‘வில்லேஜ் கேட்’ நேரடிப் பதிவைக் கேளுங்கள். நாட்டுப்புறப் பாட்டு கேட்க வந்த கூட்டத்தின் முன்னால் பாடியது. அவர் கதை சொல்லும் பாணியும் பிடிபடும். அப்புறம் ஏதாவது ஒரு யூதக் கல்யாண வீடியோவில் ‘ஓத் யிஷமா’ வரும் இடத்தைத் தேடிப் பாருங்கள். பதிவுகளில் பாடகர் முன்னால் நிற்பார், கல்யாணத்தில் பாடகர் யார் என்றே தெரியாது. நினா சிமோன் பக்கம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், 6-ஆம் பதிலில் சொன்ன கார்னகி ஹால் பதிவை இந்த மூன்றுக்கும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.